எண்ணூறு பேரின் கைதட்டு

சிப்பிக்குடிக்காரர்கள் எண்ணூறு பேருடைய கைதட்டலும் ஒரே நாளில் ஊரை விட்டுப் போனது. மாதா திருவிழா முடிந்த மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அது போயிருந்தது. அதை யாரும் போலீசில் எழுதிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் கை இருந்தது, விரல் பத்தும் இருந்தன, ஒரு உள்ளங்கை போய் இன்னொரு உள்ளங்கையில் முன்னைப் போலவே மோதியது, மோதின இடம் சிவக்கவும் செய்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்று எந்த ஸ்டேஷனில் போய் என்ன புகார் கொடுப்பது?

அதை முதலில் கண்டுகொண்டவள் அமலோற்பவம். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். மற்றக் கரைகளில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று வாயால் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். சிப்பிக்குடிக்காரர்களுக்கு வாய்ச்சொல்லில் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது, அதனால் அங்கே ஏலம் கூறுகிறவர் ஒரு முறை கை தட்டியாக வேண்டும், தட்டின நொடியில் கடைசியாக யார் கேட்ட விலை நின்றதோ அந்த விலைக்கு மீன் போய்விடும், அப்புறம் பிஷப்பே இறங்கி வந்து சிபாரிசு செய்தாலும் மாறாது. பதினாறு வருஷமாக அந்தக் கரையில் தட்டியது அமலோற்பவத்தின் கைதான். வறண்ட, கணீரென்ற ஒற்றைத் தட்டு. கடலுக்குள் ஒரு மைல் தள்ளி நிற்கிற வள்ளத்துக்காரன் அதைக் கேட்டு, இன்றைக்கு நெத்திலி போய்விட்டது என்று பக்கத்து வள்ளத்துக்குச் சொல்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் இரண்டு கூடை சாளைக்கு விலை ஏற்றி, நல்ல இடத்தில் நிறுத்தி, கையை ஓங்கித் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். கடைசி விலை கேட்ட பொன்னையா என்கிற வியாபாரி, அவன் உள்ளூர்க்காரன் அல்ல, உள்நாட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவன், “என்னக்கா, தட்டுதியளா, சும்மா வெளையாட்டு காட்டுதியளா?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தாங்களும் தட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமலோற்பவத்துக்கு ஒரே தம்பி, தார்சியுஸ். அவளை விடப் பன்னிரண்டு வயது இளையவன், அம்மா செத்தபின் வாயில் சோறும் முதுகில் அடியும் போட்டு அவனை ஆளாக்கியவள் அவள்தான். அவன் ஆர்கன் வாசிப்பான். டிரம்ஸ் அடிக்கிற கஸ்பார், கிடார் வாசிக்கிற ஒருவன், பாடுவதற்கு வலண்டீனா என்று ஒரு டீச்சர், ஆக நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த மெல்லிசைக் குழுவுக்கு ‘மின்னல் மெலடீஸ்’ என்று பேர். ஊரெல்லாம் டிஸ்கோ பித்துப் பிடித்து ஆடிய காலம் அது; ஒரே வாரத்தில் பேரை ‘டிஸ்கோ டால்ஃபின்ஸ்’ என்று மாற்றி, வெள்ளைக் கோட்டு தைத்து, உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் ஒத்திகை பார்த்தார்கள். ஏலம் முடிந்து மீன் வாடையோடு அமலோற்பவம் அங்கே போய், ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, தாளம் தட்டிக் கொடுப்பாள். கஸ்பார் பிந்தினால் அவள் கை காட்டிக் கொடுத்துவிடும். “தாளம் போடுறவ நானு, கோட்டு மாட்டுறவன் நீயாலே?” என்று தம்பியைக் கேலி செய்வாள். அவனும், “கேசட் வரட்டும் யக்கா, அட்டையில முதல் பேரு உன் பேருதான்” என்பான். அதை அவள் பாதி நம்பாத மாதிரிதான் கேட்டுக்கொள்வாள், ஆனால் முழுக்க நம்பினாள்.

மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் அவர்களைக் கூப்பிட்டு ஸ்டூடியோவில் பதினைந்து நாள் வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். பாட்டெல்லாம் சரி, தட்டுதான் சரியில்லை என்றார்கள். டிஸ்கோ என்றால் பாதி கைதட்டுதான். மெட்ராஸ்காரர்கள் கை ஈரத்துணி மாதிரி சப்பென்று விழுந்தது. தார்சியுஸ் ஊருக்கு வந்தான், ஒரு பெரிய டேப் மெஷினும் நாலு மைக்கும் கொண்டுவந்தான். திருவிழாவுக்கு மொத்த ஊரும் கோவில் மைதானத்தில் கூடியிருந்த நேரம். உப்பும் வலைக்கயிறும் வறட்டின கைகள். அவன் மேடையில் ஏறி இரண்டு கையிலும் இரண்டு திருவிழாக் கொடியைப் பிடித்துக்கொண்டு அசைக்க, அசைத்த அசைப்புக்கு எண்ணூறு பேரும் தட்டினார்கள், சாமியார் தட்டினார், சப்பரம் தூக்க வந்தவர்கள் சப்பரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தட்டினார்கள். அமலோற்பவத்தை மட்டும் தனியாக ஒரு மைக் முன்னால் நிறுத்தி, பாட்டு தொடங்கும் முன்னால் வருகிற அந்த ஒற்றைத் தட்டைப் பதிவு செய்தான். “ஒரே ஒரு தட்டு யக்கா. ஏலத்துல தட்டுத மாதிரி.” அவள் தட்டினாள். அவன் கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டான். அன்று மாலையே மெஷினைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டான்.

ஊர் முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் வைத்தியம் பார்த்தது. விளக்கெண்ணெய், வெந்நீர், சுக்குப் பற்று, பிறகு ஒன்பது நாள் நவநாள் ஜெபம். மூன்றாம் வாரம் பழகிக்கொண்டது. மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை! காக்கா விரட்ட வாயால் கத்தினார்கள், கோழிகள் மட்டும் தட்டினால்தான் போவோம் என்பதுபோல் நெல்லில் நின்றே பழகின. கும்மியடிக்கிற பெண்கள் மௌனமாகக் கும்மியடித்தார்கள், அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்தது. ஓட்டு கேட்க வந்த ஒரு வேட்பாளர், எவ்வளவு பேசியும் மைதானத்தில் ஒரு தட்டு விழாததைப் பார்த்து, ஏழு வாக்குறுதி கூடுதலாகக் கொடுத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் போனார். அதில் இரண்டை நிறைவேற்றவும் செய்தார், அந்தத் தொகுதியில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பெண் பார்க்கப் போகிறவர்கள், பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டு, “எங்கே, ஒரு தட்டு தட்டும்மா” என்று கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகள்களுக்கு வீட்டில் தனி மரியாதை உண்டானது.

கரையில்தான் சிக்கல். அமலோற்பவம் தகரத் தட்டைக் கரண்டியால் அடித்துப் பார்த்தாள், வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சாமியார் கோவில் சின்ன மணியைக் கொடுத்தார், அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கைச் சத்தம்தான் ஏலம், அதுவும் ஏலக்காரி கைச் சத்தம். எல்லா விலையும் சண்டையில் முடிந்தது. அவள் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கடலைப் பார்த்து நின்று இரண்டு கையையும் மோதிப் பார்ப்பாள், அப்புறம் சேலையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். பதினாறு வருஷம் அவளுடைய சொல் அந்தக் கையில் இருந்தது, இப்போது யாருக்கும் எதையும் உறுதி சொல்ல அவளால் முடியவில்லை. அது அவளுக்கு அவமானமாக இருந்தது.

நாலாவது மாதம் கேசட் வந்தது. ‘டிஸ்கோ துறைமுகம்’ என்று பேர். டீக்கடைக்காரர் முதல் கேசட்டை வாங்கி, பெட்டிக்குள் தள்ளி, பித்தானை அமுக்கினார். கணீரென்று ஒரு தட்டு. அமலோற்பவத்தின் கை. அதைத் தொடர்ந்து எண்ணூறு கைகள். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள், அவரவர் சத்தத்தை அவரவர் அடையாளம் கண்டார்கள். “அந்தா எங்க வீட்டுக்காரரு, எப்பவும் போல அரைத்தட்டு பிந்தி வாராரு பாருங்க” என்று ஒருத்தி பூரித்தாள். திருவிழாவுக்குப் பிறகு புருஷன் செத்துப்போன ஒரு பெண், இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் அவனுடைய கனத்த தட்டைக் கண்டுபிடித்து, தினமும் அதை மட்டும் போட்டுக் கேட்டாள். கைதட்டல் போன இடம் தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் ஊருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. பள்ளிக்கூடப் பரிசளிப்பில் ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேசட்டைப் போட்டுக் கைதட்டல் கொடுத்தார்.

கேசட் நாலு லட்சம் விற்றது. கல்யாண வீடு, காலேஜ் ஹாஸ்டல், லாரி, பஸ், சிங்கப்பூர், எங்கும் அந்தத் தட்டு. பாட்டு சுமார்தான், வரிகளில் அர்த்தம் தேடுகிறவன் கஷ்டப்படுவான். ஆனால் அந்தத் தட்டைக் கேட்டுக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தவன் எவனும் இல்லை. அட்டையை அமலோற்பவம் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘கைத்தாளம்: தார்சியுஸ்’ என்று போட்டிருந்தது. இன்னொரு தரம் படித்தாள். “அச்சடிக்கிறவன் தப்பு பண்ணியிருப்பான்” என்று டீக்கடைக்காரரிடம் அவளாகவே சொன்னாள், அவர் ஒன்றும் கேட்காமலேயே.

அடுத்த வாரம் பொன்னையா மீன் கூடைக்குள் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு வந்தான். எட்டுக் கூடை விளமீன், நல்ல மீன், விலை அறுநூறாவது போகும். அமலோற்பவம் கூறத் தொடங்கினாள். “நூறு!” என்றான் பொன்னையா, சொன்ன வாயோடு பித்தானை அமுக்கினான். கணீரென்று அவள் கை தட்டியது.

வள்ளத்துக்காரர் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார். பொன்னையா நிதானமாக, “நான் ஒன்னும் சொல்லல. அக்காவே சொல்லட்டும். அது யாரு கை?” என்றான். கரை முழுக்க அவளைப் பார்த்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், அவளுக்குத்தான் பொய் வராது. “என் கைதான்” என்றாள். “மீனை எடுத்துக்கிடும்.”

மறுநாள் வியாபாரிகள் எல்லோர் கூடையிலும் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. கரையில் பாட்டுப் பெட்டி கூடாது என்று ஊர்க் கமிட்டி போர்டு வைத்தது. வியாபாரிகள் ரோட்டோரமாக நின்று, மெட்ராஸ் கேசட் போட்டுக்கொண்டு வருகிற பஸ் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து விலை கேட்டார்கள். ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து பிடித்த மீன் பாதிக்கும் கால்வாசிக்கும் போனது, போகும்போதெல்லாம் தட்டியது அவள் கை. பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு எண்ணூறு பேர் முகத்திலும் முழிக்க முடியவில்லை. தம்பிக்குக் கடிதம் எழுதினாள்: பேர் போடாததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, என் தட்டை மட்டும் அந்தப் பாட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லு, இங்கே அடுப்பு எரியவில்லை. பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘அன்பு அக்கா, நாலு லட்சம் தாண்டிவிட்டது. வெற்றி விழா நம்ம ஊரில்தான் வைக்க வேண்டும் என்று கம்பெனியில் அடம் பிடித்து வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நல்ல சேலை கட்டிக்கொண்டு வா.’

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கம்பெனிக்காரர் விவரமான ஆள். தட்டாத ஊரில் விழா நடத்தினால் சவத்து வீடு மாதிரி இருக்கும் என்று தெரிந்து, மைக் செட்டுக்காரரை மேடைக்குக் கீழே உட்காரவைத்து, யார் பேசி நிறுத்தினாலும், எங்கே சத்தம் ஓய்ந்தாலும், உடனே கேசட்டின் முதல் தட்டிலிருந்து போட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே நடந்தது. சாமியார் பேசினார், தட்டு. ஊர்த் தலைவர் பேசினார், தட்டு. அமலோற்பவம் நல்ல சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தம்பியைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு டால்ஃபின்கள் வாசித்தார்கள். நன்றாகத்தான் வாசித்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போனபோது தார்சியுஸ் ஆர்கனை விட்டு எழுந்து, ஊர் ஊராக மேடை ஏறிப் பழகின பழக்கத்தில், “எல்லாரும் தட்டுங்க!” என்று கத்தி, தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கித் தட்டினான்.

சத்தம் வந்தது.

பாட்டு நின்றது. எண்ணூறு பேரும் அவன் கையைப் பார்த்தார்கள், மைக் செட்டுக்காரரும் பித்தானை மறந்து எட்டிப் பார்த்தார். அவன் கையை இறக்கினான், கோட்டுப் பைக்குள் விட்டான், மறுபடி எடுத்தான். திருவிழா அன்று அவன் இரண்டு கையிலும் பிடித்திருந்த கொடிகள் அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தன. அமலோற்பவம் எழுந்து மேடைக்குப் போனாள். அவனிடம் கேட்கவில்லை, டிரம்ஸுக்குப் பின்னால் தலை குனிந்திருந்த கஸ்பாரிடம் கேட்டாள்.

“கஸ்பாரு, உன் கை எப்பம்லே போச்சு?”

“மெட்ராஸ்லயே போயிட்டு யக்கா. முதல்ல என் தட்டத்தான் ரெக்கார்டு பண்ணுனாவ. மறுநாளு சத்தம் இல்ல. நான் இவங்கிட்ட சொன்னேன்.”

“நம்ம ஊருக்கு வாரதுக்கு முந்தியா?”

“முந்திதான் யக்கா.”

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். “அப்போ தெரிஞ்சிதான் வந்திருக்க.”

“யக்கா, ஒரு கைதட்டுதான யக்கா?” என்றான் அவன். “நான் யாரு உசுரையும் எடுக்கலயே. உலகமெல்லாம் நம்ம ஊரு கையைக் கேக்குது. அது பெருமை இல்லயா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. போயிரும், திரும்பி வராதுன்னு சொல்லிக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனேலே.” அவள் குரல் உடைந்தது, மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. “சரி. எல்லாத்தையும் எடுத்த. உன் கையை மட்டும் ஏம்லே பத்திரமா வச்சிக்கிட்ட?”

அவன் இரண்டு கையையும் திரும்பக் கோட்டுப் பைக்குள் விட்டான். கேசட் கம்பெனிக்காரர், இவர்கள் பேசுகிற வேகத்தில் பாதி புரியாமல், அக்கா தம்பி பாசப் போராட்டம் என்று நினைத்துப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் தோளைப் பிடித்து மேடையின் முன்பக்கமாக இழுத்து நிறுத்தினாள், கரையில் கூடையை இழுத்து நிறுத்துகிற அதே இழுப்பு. கூறத் தொடங்கினாள்.

“ஒரு தம்பி, ஒரே தம்பி! இருபத்தெட்டு வயசு. பல்லு முப்பத்திரண்டும் இருக்கு. ஆர்கன் வாசிப்பான், வாய் நெறய அக்கான்னு கூப்பிடுவான். ஆறு வயசுலேருந்து வளத்த சரக்கு, கேட்பாருண்டா?”

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

“கேட்பாருண்டா?”

யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவனைத் தூக்கி வளர்த்த தெரு, அவன் வாசித்துக் கல்யாணம் நடந்த வீடுகள், வாய் திறக்கவில்லை. யாராவது ஒருத்தர் கேட்டுவிட மாட்டார்களா, ஒரு வள்ளத்துக்காரர், ஒரு கிழவி, யாராவது எழுந்து என் வீட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று அமலோற்பவமே ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ஏலம் கூறுகிறவள் தானே கேட்க முடியாது. அந்தக் கரையில் அதற்கு வழியில்லை.

“மூணாந்தரம் கேக்குதேன். கேட்பாருண்டா?”

கம்பெனிக்காரருக்கு இது கிராமத்து வேடிக்கை என்று பட்டது. தன் கம்பெனிப் பையனை யாருமே கேட்காமல் விடுவதா என்று உற்சாகமாகக் கையைத் தூக்கி, “ஒரு ரூபா!” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவரோடு யாரும் சிரிக்கவில்லை. மைதானத்தில் சத்தம் ஓய்ந்தது. மேடைக்குக் கீழே இருந்த மைக் செட்டுக்காரர் பாவம், சொன்ன வேலையைச் செய்கிறவர், கம்பெனிக்காரர் குரலைக் கேட்டுத் திகைப்பு தெளிந்து, சத்தம் ஓய்ந்ததும் பித்தானை அமுக்கினார்.

ஆறு குழாய் ஸ்பீக்கரிலும் கணீரென்று அமலோற்பவத்தின் கை தட்டியது.

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். பின்வரிசையில் நின்ற பொன்னையா, அவனே, தலையிலிருந்த துண்டை எடுத்தான். மைக் செட்டுக்காரர் பதறி அணைத்துவிட்டார், ஆனால் தட்டினது தட்டினதுதான். கம்பெனிக்காரர் இன்னும் சிரித்த முகமாகச் சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்து நீட்டினார். அமலோற்பவம் அதை வாங்கி வள்ளத்துக்காரர் சங்கத்து உண்டியலில் போடச் சொல்லி ஊர்த் தலைவரிடம் கொடுத்தாள். தார்சியுஸுக்கு அந்த ஊர் ஏலம் தெரியும், அவன் அங்கே பிறந்து வளர்ந்தவன்.

“யக்கா, வெளையாட்டுக்குத்தானே? வெளையாட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு யக்கா. நான் கம்பெனில சொல்லி உன் தட்ட எடுக்கச் சொல்லுதேன், பேரும் போடச் சொல்லுதேன். உன் கால்ல விழுதேன் யக்கா.”

அவன் விழவும் செய்தான். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். அவளுக்கு அவனை ஓங்கி ஒரு அறை அறைந்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் போல் இருந்தது, அறைந்தாலும் சத்தம் வராது என்றும் தோன்றியது. பிறந்த நாளிலிருந்து அவனை ஏலே என்று கூப்பிட்ட வாயை அவள் ஒரு முறை மூடித் திறந்தாள்.

“எந்திரிங்க சார்” என்றாள். “மேடையெல்லாம் தூசியா கெடக்கு, கோட்டு அழுக்காயிரும். உங்க வண்டி ரொம்ப நேரமா நிக்கி.”